தெரிஞ்ச பிள்ளை

பொழுது இருட்டிவிட்டால் எங்கள் தெருவில் யார் நடந்து போனாலும் ஆச்சிக்குத் தெரிந்தாக வேண்டும். படிப்புரையில் கால் நீட்டி உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருப்பாள். பல் போய் வெகுகாலம். தெருவிளக்கு வந்த பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை.

"யாரது போறது?"

"நாந்தான்."

"நாந்தான்னா?"

இந்த இரண்டாவது கேள்விக்குப் பெயரைச் சொல்லி யாரும் தப்பித்ததில்லை. சுசீந்திரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் தாணு என்று கூப்பிட்டால் தெருவுக்கு நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பெயரை வைத்துக்கொண்டு ஆளைப் பிடிக்க முடியாது. முறை சொல்ல வேண்டும். ஒருநாள் இருட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது: "பறக்கைக்காரருக்க மருமவன்."

ஆச்சி விடவில்லை. "கூடப்பெறந்தா பிள்ளையா, பொண்ணு கெட்டினவனா?"

மருமகன் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு ஆள் ஒளிந்திருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தமிழ் பேசும் எந்த ஊரிலும் ஓர் ஆணுக்கு உடன்பிறந்தாள் மகனும் மருமகன்தான், மகளைக் கட்டியவனும் மருமகன்தான். மற்ற ஊர்களில் இது முறைமாப்பிள்ளைப் பேச்சோடு முடிந்துவிடும். நாஞ்சில் நாட்டு வேளாளர் வீடுகளில் அந்தச் சொல்லுக்குள் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு போக நெல்லும் இருந்தது. கோர்ட்டுச் செலவும் இருந்தது. மருமக்கள்வழி என்பார்கள். குடும்பத் தலைவரான காரணவர் கட்டிக்காக்கும் சொத்து அவர் பெற்ற மகனுக்குப் போகாது, உடன்பிறந்தாள் மகனுக்குப் போகும். பெற்ற பிள்ளைகளுக்குக் கிடைப்பது உகந்துடைமை என்று ஒரு சிறு பங்கு. கட்டியவளுக்கு நங்குடைமை. மகனுக்குப் பாசம், மருமகனுக்குப் பத்திரம்.

1876-இல் தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை, 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' எழுதியது இதைப் பற்றித்தான். காரணவர் ஒருவரின் ஐந்தாவது மனைவி தன் கதையைத் தானே சொல்லும் நூல். சிரித்துக்கொண்டே படிக்கலாம். எதற்குச் சிரித்தோம் என்று பிறகு யோசித்தால் கூச்சமாக இருக்கும். திருவிதாங்கூர் அரசு 1926-இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் கொண்டுவந்து அந்த வழியை அடைத்தது. ஆச்சிக்கு அப்போது கல்யாணமாகி நாலைந்து வருஷம். அதற்குப் பிறகு ராஜா போனார், 1956 நவம்பர் ஒன்றாம் தேதி எங்கள் ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்ந்தது, ஆச்சியும் ஓட்டுப் போட்டாள். சட்டம் மாறி ஐம்பது வருஷம் கழித்தும் இருட்டைப் பார்த்து அவள் கேட்டுக்கொண்டிருந்தது என்னவோ பழைய கேள்விதான்.

"பழகிப்போச்சு மக்கா. வாறவன் கொடுக்க வாறானா, கொண்டு போக வாறானான்னு தெரியாண்டாமா?"

ஆச்சியின் காது தனிக் காது. தார்சாவில் ஆண்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அவள் அரங்குக் கதவுக்குப் பின்னால் நிற்பாள். பேச்சில் என்ன சொன்னார்கள் என்பதை அவள் பெரிதாக எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. யார் யாரை எப்படி விளித்தார்கள் என்பதுதான் அவளுக்கு முக்கியம். சின்ன அத்தையைப் பெண் பார்க்கப் பூதப்பாண்டி பக்கத்திலிருந்து ஆட்கள் வந்த அன்றைக்கு எனக்கு ஏழெட்டு வயது. அவளுடைய சேலையைப் பிடித்துக்கொண்டு நானும் அந்தக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

வந்திருந்தவர்களில் மூத்தவர், மாப்பிள்ளைக்குத் தகப்பனார், வெள்ளை வேட்டியை மடித்து வைத்துக்கொண்டு பாட்டாவிடம் பேசினார். மழையைப் பற்றி, பேச்சிப்பாறைத் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேராததைப் பற்றி, வடசேரிச் சந்தையில் வாழைக்காய் விலையைப் பற்றி. பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பாட்டாவை வாய்க்கு வாய் அண்ணாச்சி என்றார். காப்பி மட்டும் குடித்தார்கள். இலை போடட்டுமா என்று கேட்டதற்கு, இன்னொரு நாள் ஆகட்டும் என்றுவிட்டார்கள். கை நனைக்கவில்லை. பெரிய அத்தையின் முகம் சுருங்கிவிட்டது. கூடத்தில் நின்ற பெண்களுக்குள் ஒரு பெருமூச்சு ஓடியது எனக்கே கேட்டது.

எழுந்தார்கள். அந்தப் பெரியவர் முற்றத்தில் இறங்கி, செருப்பைத் தேடிக் காலில் மாட்டி, தோளில் துண்டைச் சரியாகப் போட்டுக்கொண்டு திரும்பினார்.

"அப்பம் வரட்டுமா அத்தான்?"

பாட்டா ஒரு நொடி பேசவில்லை. பிறகு, "ஆங், போய்ட்டு வாரும்" என்றார். குரல் இறங்கியிருந்தது.

ஆச்சி கதவிலிருந்து கையை எடுத்தாள். "ஏட்டி, சிறுபயறு எடுத்து வறு. பாயசம் வைக்கணும்."

பெரிய அத்தைக்குப் புரியவில்லை. "அவிய ஒண்ணும் சொல்லலியே அம்மா?"

"இதுக்கு மேல என்னட்டீ சொல்லணும்?"

அண்ணாச்சி என்று இருக்கிறவரைக்கும் இருவரும் பங்காளி, எங்கள் பக்கத்துப் பேச்சில் சொக்காரன். சொக்காரன் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் அண்ணன் தங்கை. அவர்களுக்குள் கல்யாணம் என்ற பேச்சே எழாது. அத்தான் என்றால் கொண்டான் கொடுத்தான். அந்த மனிதர் ஒன்றரை மணி நேரம் அண்ணாச்சி வரப்பில் நடந்துவிட்டுக் கடைசி அடியில் அத்தான் வரப்புக்குத் தாண்டினார். வேண்டாம் என்று தோன்றியிருந்தால் அண்ணாச்சியாகவே வண்டி ஏறியிருப்பார். யாருக்கும் மனத்தாங்கல் இருந்திருக்காது. அந்தக் காலத்து மனிதர்கள் இல்லை என்ற சொல்லைச் சொல்லாமலே இல்லை என்று சொல்ல எவ்வளவு மெனக்கெட்டார்கள் என்று நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. கொஞ்சம் சலிப்பாகவும் இருக்கிறது.

லூயி துய்மோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1953-இல் திராவிட உறவுமுறைச் சொற்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இந்தச் சொற்கள் ரத்தக் கணக்கைவிடக் கல்யாணக் கணக்கைத்தான் பேசுகின்றன என்பது அதன் சாரம். அவருக்கும் முன்னால், 1871-இல், அமெரிக்காவில் லூயிஸ் ஹென்றி மார்கன் உலகத்து உறவுமுறைகளையெல்லாம் திரட்டி ஒரு தலையணைப் புத்தகம் போட்டார். நம்முடைய மாமனும் அத்தையும் அதில் இருக்கிறார்கள். அங்கே செனகா என்ற பழங்குடி மக்கள் உறவைப் பிரித்துச் சொல்லும் விதமும் தமிழர்கள் சொல்லும் விதமும் ஒத்துப்போவதைப் பார்த்து மனிதர் அசந்துபோயிருக்கிறார். இதெல்லாம் நான் வெகு பிந்திப் படித்தது. படித்தபோது எனக்கு வறுத்த சிறுபயற்றின் வாசனை வந்தது.

மக்கா என்ற சொல்லுக்கு வருகிறேன். இலக்கணப்படி மக்கள் என்பது பன்மை. எங்கள் ஜில்லாவில் ஒற்றை ஆளைத்தான் மக்கா என்கிறோம். தொட்டில் பிள்ளையும் மக்கா, பஸ்ஸில் சில்லறை கேட்கிற கண்டக்டருக்கு எதிரில் நிற்கிற ஐம்பது வயதுக்காரரும் மக்கா. ஆண், பெண், சாதி, மதம் எதுவும் தடையில்லை. கல்குளம், விளவங்கோடு பக்கம் போனால் எனக்க மக்களே என்று இன்னும் கொஞ்சம் இழுத்துச் சொல்வார்கள். முறைப்பெயர்கள் விளிக்கும்போது ஏகாரம் ஏற்கும் என்று தொல்காப்பியம் விளிமரபில் இருக்கிறது. அந்த ஏகாரம் மாறாமல் இன்றும் ஓடுகிற இடம் மார்த்தாண்டம் சந்தை என்று எனக்கு ஒரு எண்ணம்.

ஆனால் எல்லா மக்காவும் ஒன்றல்ல. அம்மை சமையலறையிலிருந்து "மக்கா" என்று குட்டையாகச் சொன்னால் சோறு ஆகிவிட்டது. "மக்காஆ" என்று இழுத்தால் கடைக்குப் போக வேண்டும். "வா மக்கா, இங்க வந்து இரி" என்று தணிந்து சொன்னால் மார்க்ஷீட் கைக்குக் கிடைத்துவிட்டது என்று அர்த்தம், ஓடிவிடுவது நல்லது. சவம் என்பதும் அப்படித்தான். வெளியூர்க்காரர் காதில் அது பிணம். பெரியம்மை "சவத்துப்பய, எலும்பும் தோலுமா ஆயிட்டானே" என்றால், அடுத்து வருவது நெய் விட்ட சோறு. சென்னையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேலதிகாரி ஒருவரிடம் பிரியம் முற்றிப்போய் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் போன போக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்த ஊரில் அண்ணாச்சி என்றால் துவரம்பருப்பு நிறுத்துக் கொடுப்பவர்.

இடலாக்குடியில் ஒரு நண்பன் இருந்தான். அவன் வீட்டில் நானும் அவன் உம்மாவை உம்மா என்றும் வாப்பாவை வாப்பா என்றும்தான் கூப்பிட்டேன். அதற்கு யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அந்த வீட்டு நோன்புக் கஞ்சியைக் குடித்துவிட்டு வேறு எப்படிக் கூப்பிடுவது?

முறைச் சொல் கிடைக்காதவர்களும் இருந்தார்கள். இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது பொய்யாகிவிடும். எங்கள் வயலில் மூன்று தலைமுறையாக நாற்று நட்ட குடும்பத்தில் ஒரு கிழவர். பாட்டாவைவிட மூத்தவர். எட்டு வயதில் நான் அவரைப் பெயர் சொல்லி, டா போட்டுக் கூப்பிட்டேன். அவர் என்னை ஏமானே என்றார். பள்ளிக்கூடத்தில் முதியோரைத் தாத்தா என்று அழைக்க வேண்டும் என்று பாடம் நடத்தினார்கள். அடுத்த நாள் களத்தில் வைத்து அவரைத் தாத்தா என்றேன். கிழவர் கையிலிருந்த கடவத்தைக் கீழே வைத்துவிட்டு யாராவது கேட்டார்களா என்று நாலாபக்கமும் பார்த்தார். அவருக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம் வந்தது. வீட்டில் ஆச்சி, "அது என்னலே புது முறை?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டாள். கதவுக்குப் பின்னால் நின்று ஒரு கல்யாணத்தையே படித்தவளுக்கு இந்த ஒரு சொல் எட்டவில்லை. நானும் மறுநாளிலிருந்து பழையபடி பெயர் சொல்லியே கூப்பிட்டேன்.

மார்கழி வந்தால் சுசீந்திரம். பத்து நாள் திருவிழாவில் எனக்குத் தேரைவிட மூன்றாம் திருவிழா ராத்திரிதான் பிடிக்கும். மக்கமார் சந்திப்பு. அம்மையப்பன் வீட்டுத் திருவிழாவுக்குப் பிள்ளைகள் வந்து சேர்கிறார்கள். கோட்டாற்றிலிருந்து வலம்புரி விநாயகர், வேளிமலையிலிருந்து குமாரசாமி, மருங்கூரிலிருந்து சுப்பிரமணிய சாமி. முருகன் மட்டும் இரண்டு ஊரிலிருந்து இரண்டு பேராக எப்படி வருகிறார் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்டதில்லை. ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள், அவ்வளவுதான் கணக்கு. விழா முடிந்து பிள்ளைகள் விடைபெற்றுப் போகும்போது பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பதைப் பார்த்திருக்கிறேன். மருமகன் வாரிசாக இருந்த நாட்டில் சாமி வீட்டில் மட்டும் என்றைக்கும் மக்கள்வழிதான்.

எழுபதுகளின் நடுவில் ஒரு மூன்றாம் திருவிழா. நாகர்கோவிலில் காலேஜ் இரண்டாம் வருஷம். கூட்டாளிகள் நாலு பேரோடு கோவில் முன்னால் நிற்கிறேன். எல்லோருக்கும் பெல்பாட்டம். வாகனங்கள் இன்னும் வந்து சேரவில்லை. வளையல் கடைப் பக்கத்திலிருந்து "அத்தான்" என்று ஒரு குரல். தாழக்குடி மாமாவின் மகள். கையில் காகிதத்தில் சுற்றிய வளையல். அத்தை நாலு எட்டுப் பின்னால் வந்துகொண்டிருந்தாள். அவள் கூப்பிட்டதில் விசேஷம் ஒன்றும் இல்லை. பேசத் தெரிந்த நாளிலிருந்து என்னை அப்படித்தான் கூப்பிட்டாள்.

கூட்டாளி ஒருத்தன் இடுப்பில் இடித்தான். "யாருடே?"

"தெரிஞ்ச பிள்ளை" என்றேன்.

ஏன் சொன்னேன் என்றால், வெட்கம். வேறு காரணம் கிடையாது. மாமா மவ என்று சொன்னால் அந்த நாலு பேரும் காலேஜ் முடிகிற வரைக்கும் விட்டிருக்க மாட்டார்கள். அவள் அத்தையோடு சேர்ந்து கூட்டத்துக்குள் போய்விட்டாள். அதற்குள் மேளம் கேட்டது. நான் மறந்தேபோனேன்.

தை மாதம் அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "காப்பி வச்சிருக்கு" என்று தூணிடம் சொன்னாள். சாப்பிடக் கூப்பிட்டபோது, "சோறு போட்டாச்சாம்." முழுக்க மொட்டைப் பேச்சு. ஆச்சி இதையெல்லாம் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அவர்கள் போன பிறகு வெற்றிலை உரலை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "கூப்பிடுகது நிண்ணு போச்சுன்னா ஒண்ணு கோவம், இல்லேன்னா மத்தது."

நான் மத்தது என்று எடுத்துக்கொண்டேன். பத்தொன்பது வயதில் வேறு எதை எடுத்துக்கொள்வது? ஒரு டப்பா குட்டிக்கூரா பவுடர் வாங்கினேன். தாழக்குடிக்குப் போகிற வேலைகளையெல்லாம் நானே கேட்டு வாங்கினேன். விதைநெல் சொல்லப் போனேன், கல்யாணக் காகிதம் கொடுக்கப் போனேன், ஒருமுறை காரணமே இல்லாமல் போய்க் கதவுக்கு என்ன மரம் என்று மாமாவிடம் கேட்டுவிட்டு வந்தேன். ஒவ்வொரு முறையும் காப்பியை அவள் தூணிடம்தான் சொன்னாள். ஒவ்வொரு முறையும் எனக்குச் சைக்கிள் பறந்தது.

இரண்டு மாதம் போனது. என் தங்கைதான் உடைத்தாள். "உனக்குக் கோட்டியா? அவ உம்மேல எரிஞ்சிட்டு இருக்கா. தெரிஞ்ச பிள்ளைன்னு சொன்னியாமே."

ஆச்சியிடம் போனேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "தெரிஞ்ச பிள்ளைங்கது பால்காரி மவளச் சொல்லுகது. மாமா மவள நாலு ஆம்பிளைகளுக்கு முன்ன வச்சு அப்பிடிச் சொன்னா, எனக்கு இவ வேண்டாம்னு சொல்லுகதுல்லா? அவ கையில வளையலு வேற வச்சிருந்திருக்கா."

எனக்கு அது வெறும் சமாளிப்பு. அவளுக்கு அது உறவை அறுத்து விடுமுறி எழுதிக் கொடுத்த மாதிரி. என் வாயிலிருந்து போனதும் அவள் காதில் விழுந்ததும் ஒரே இரண்டு சொல்தான். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. எங்கள் வீடுகளில் மன்னிப்பு என்ற சொல் புத்தகத்தில் மட்டும்தான் இருந்தது. வேண்டுமானால் அடுத்த முறை போகும்போது ஒரு படி முந்திரிக்கொத்து கூடுதலாகக் கொண்டு போகலாம். கொண்டுபோனேன். அவள் அம்மை வாங்கி வைத்துக்கொண்டாள்.

அடுத்த ஆவணியில் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. அந்த ஒரு பேச்சினால்தான் என்றால் கதை நன்றாக இருக்கும். உண்மை என்னவென்றால் எனக்கு அப்போது வேலை கிடையாது, மாப்பிள்ளைக்கு மின்சார வாரியத்தில் உத்தியோகம். மாப்பிள்ளை முதல் நாளே என்னை அண்ணாச்சி என்றார். நான் அவருக்கு நாலு மாதம் மூப்பு. அந்தச் சொல்லில் குத்தல் ஏதும் உண்டா என்று ஒரு ராத்திரி முழுக்கப் புரண்டு பார்த்தேன். ஒன்றும் இல்லை. மாமா மகளைக் கட்டியவன் எனக்குச் சகோதர முறைதான். அவளுக்கு யாரெல்லாம் மாப்பிள்ளை முறையோ அவர்களெல்லாம் தங்களுக்குள் அண்ணன் தம்பி. தமிழ் முறைக்கணக்குக்கு மனிதர்களுடைய ராத்திரிகளைப் பற்றிக் கவலை இல்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆச்சி போனாள். அந்த வீடும் பாகம் பிரிந்து போயிற்று. படிப்புரை இருந்த இடத்தில் இப்போது ஷட்டர் போட்ட கடை. அதன் வாசலில் நின்று யாராவது "யாரது போறது" என்று கேட்டால் போலீசைக் கூப்பிட்டுவிடுவார்கள். குடும்பத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது, அறுபது எழுபது பேர். அத்தானும் சித்தப்பாவும் மாமாவும் பெரியப்பாவும் அதில் அங்கிள்தான். யார் கொடுக்கிறவர், யார் கொண்டுபோகிறவர் என்று யாருக்கும் தெரியாண்டாம். சொத்துத் தகராறு மட்டும் பழையபடி நடக்கிறது.

போன தையில் நாகர்கோவிலில் ஒரு கல்யாணம். மண்டபத்தின் முன்வரிசையில் அவள் பேத்தியோடு உட்கார்ந்திருந்தாள். முடி முழுக்க நரைத்துவிட்டது. பக்கத்தில் மாப்பிள்ளை, அதாவது எனக்குத் தம்பி, காதுக் கருவியைச் சரிசெய்துகொண்டிருந்தார். பேத்தி பெங்களூரில் வளர்கிற பிள்ளை, ஆறு வயது இருக்கும். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாரு ஆச்சி இது?" என்றது.

அவள் என்னைப் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டாள்.

"தெரிஞ்ச ஆளு மக்கா" என்றாள்.

மாப்பிள்ளைக்குக் காது கேட்கவில்லை. "என்ன சொல்லுகா அண்ணாச்சி?" என்று என்னிடம் கேட்டார். நான் ஒன்றும் இல்லை என்று கையை ஆட்டினேன். பேத்தி ஹாய் அங்கிள் என்றது.

அவள் எழுந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "பந்தி போட்டாச்சு அத்தான். எரிச்சேரி தீருகதுக்கு முன்ன போய் இருங்க."